தென்சென்னைப் புறநகரில் கூரைகளும் புயல்களும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல், சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், வண்டலூர் என நீளும் தென்சென்னைப் புறநகர் கடற்கரை ஊர் அல்ல. வங்கக் கடல் கிழக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இடையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் நெருக்கமான குடியிருப்புகளும் உள்ளன. அதனால் புயல் என்பது மீனவர் குப்பங்களுக்கும் துறைமுகத்துக்கும் உரிய செய்தி, நமக்கு வருவது மழை மட்டுமே என்ற எண்ணம் இங்கே நெடுங்காலம் இருந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயல் அந்த எண்ணத்தை ஒரே பிற்பகலில் மாற்றிவிட்டது. இப்பகுதியின் வீட்டுக் கூரைகளும் தொழிற்கூடக் கூரைகளும் காலப்போக்கில் எப்படி மாறின, அந்த மாற்றம் புயலின் முன் அவற்றை எந்த நிலையில் நிறுத்தியது, புயலுக்கு ஆயத்தம் செய்வது என்றால் உண்மையில் என்ன என்பவற்றை இக்கட்டுரை கூறுகிறது.

சென்னையின் பழைய புயல்கள்

சென்னையின் புயல் வரலாறு பெரும்பாலும் கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1746 செப்டம்பரில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனேயின் கப்பல் படையை அடுத்த மாதமே ஒரு புயல் சிதறடித்தது. 1881 நவம்பரில் வந்த புயல், அப்போதுதான் கட்டி முடியும் நிலையில் இருந்த சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை உடைத்தது. 1966 நவம்பர் புயலில் மெரினாவை ஒட்டிக் கப்பல்கள் கரைதட்டின. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலின்போது பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர்க் கடற்கரையில் வந்து நின்றது. அதைப் பார்க்க மக்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

வானிலையைப் பதிவு செய்வதிலும் சென்னை பின்தங்கிய ஊர் அல்ல. நுங்கம்பாக்கத்து வானாய்வகம் 1792இல் அமைந்தது. 'சைக்ளோன்' என்ற ஆங்கிலச் சொல்லை உருவாக்கிய ஹென்றி பிடிங்டன் கல்கத்தாவில் இருந்தவர். வங்கக் கடலின் புயல்களை ஆராய்ந்துதான் 1848இல் அச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கப்பட்டது. ஆனால் துறைமுகத்தில் ஏற்றப்பட்ட புயல் கூண்டுகள் மாலுமிகளுக்கும் மீனவர்களுக்குமான குறிகள். தாம்பரத்தில் கூரையைக் கட்டிக்கொண்டிருந்தவருக்கு அவை எதுவும் சொல்லவில்லை.

ஓலை, ஓடு, சுண்ணாம்புத் தளம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இப்பகுதி ஏரிகளும் நெல்வயல்களும் பனைமரங்களும் சூழ்ந்த சிற்றூர்களின் தொகுப்பு. பெரும்பாலான வீடுகள் கூரை வீடுகள். பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்தவை. ஓலைக் கூரையை ஏழைமையின் அடையாளமாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அதில் இருந்த தொழில்நுட்பத்தைக் கவனிக்கத் தவறிவிட்டோம். வேய்பவர் ஒவ்வொரு கீற்றையும் கயிற்றால் கட்டுவார். கைமரத்தை மோட்டுவளையோடும், மோட்டுவளையைத் தூணோடும், தூணை மண்ணில் ஆழப் புதைத்தும் கட்டியிருப்பார்கள். ஆணியைவிடக் கயிறே அதிகம். காற்றுக் காலத்தில் கூரைமேல் கம்புகளைக் குறுக்கே போட்டு இருபுறமும் இழுத்துக் கட்டுவதும், கடலோரத்தில் பழைய மீன்வலையை விரித்துப் போர்த்துவதும் உண்டு. மழைக்காலத்துக்கு முன் கூரையைப் பிரித்து மேய்வது வழக்கமான வேலை. ஓலை பிய்ந்து போகலாம்; ஆனால் பறந்துபோன கீற்று யாருடைய கழுத்தையும் அறுக்காது.

வசதியான வீடுகளில் நாட்டு ஓடு வேய்ந்தார்கள். பின்னர் மங்களூர் ஓடு வந்தது. பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையே அதன் மூலம். ஒன்றோடு ஒன்று பொருந்திப் பூட்டிக்கொள்ளும் அந்த ஓடு ரயில் பாதைகள் வழியே தென்னிந்தியா முழுவதும் பரவியது. இன்னும் வசதி இருந்தவர்கள் 'மெட்ராஸ் டெரஸ்' போட்டார்கள். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. அதன் எடையே அதன் காவல். பின்வந்த கான்கிரீட் தளமும் அப்படித்தான். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. மங்களூர் ஓடு ஏறக்குறைய 40 கிலோ. அரை மில்லிமீட்டர்த் தகரமோ நான்கைந்து கிலோதான். இந்த மூன்று எண்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

தகரம் வந்த வழி

நெளிவுத் தகடு இங்கிலாந்தில் பிறந்தது. லண்டன் துறைமுகக் கிடங்குகளைக் கட்டிய பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர் 1829இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய இரும்புத் தகட்டை நெளித்தால் பல மடங்கு விறைப்பு கிடைக்கும் என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. 1837இல் பிரான்சில் ஸ்டனிஸ்லாஸ் சோரல் இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நெளிவும் துத்தநாகமும் சேர்ந்தபோது, எளிதில் துருப்பிடிக்காத, அடுக்கிக் கப்பலில் ஏற்றக்கூடிய, கொத்தனார் இல்லாமலே பொருத்தக்கூடிய கூரை கிடைத்தது. ரயில் நிலையங்கள், பாசறைகள், கிடங்குகள் என எங்கெல்லாம் அவசரமாகக் கட்ட வேண்டியிருந்ததோ அங்கெல்லாம் தகரம் போனது.

தென்சென்னைப் புறநகரின் வளர்ச்சியே இத்தகைய கட்டடங்களைச் சுற்றி நடந்தது. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அதற்கான பணிமனை தாம்பரத்தில் அமைந்தது. குரோம்பேட்டை தன் பெயரையே குரோம் தோல் தொழிற்சாலையிடமிருந்து பெற்றது. மீனம்பாக்கத்திலும் தாம்பரம் விமானப்படைத் தளத்திலும் விமானக் கொட்டகைகள் எழுந்தன. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டையும், 1984இல் தாம்பரம் சானடோரியம் அருகே சென்னை ஏற்றுமதி மண்டலமும் வந்தன. இவற்றைச் சார்ந்து சிறு பட்டறைகள், லேத்துக் கூடங்கள், மரக்கடைகள், கிடங்குகள் பெருகின. பெரிய தொழிற்சாலைகளின் கூரைக்குப் பொறியாளர் கணக்குப் போட்டார். பட்டறைகளுக்கு அவ்வூர் வெல்டரின் கண்ணளவே கணக்கு.

வீடுகளில் தகரத்துக்கு முன் வந்தது ஆஸ்பெஸ்டாஸ். சிமெண்டையும் கல்நார் இழையையும் கலந்து அழுத்திய இத்தகடு மலிவானது, துருப்பிடிக்காதது. 'ஷீட்டு வீடு' என்றாலே நம் பகுதியில் அதுதான். அது உடையும்போது கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பது தெரியவந்தபின் அதன் மதிப்புக் குறைந்தது. அந்த இடத்துக்கு அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய வண்ணத் தகடு வந்தது. 'கலர் ஷீட்' என்று கடைக்காரர் சொல்லும் இது நீலத்திலும் சிவப்பிலும் பச்சையிலும் கிடைக்கிறது. விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கும்போது சன்னல் வழியே பார்த்தால், புறநகரின் மொட்டைமாடிகளில் பாதி இன்று இந்த நிறங்களாகத்தான் தெரியும். வெயில் தணிப்புக்கும், துணி உலர்த்தவும், டியூஷன் நடத்தவும், வாடகைக்கு விடவும் மாடிதோறும் கொட்டகைகள். கீழே 300 கிலோக் கான்கிரீட் தளம். அதற்கும் மேலே, வீட்டிலேயே காற்று அதிகம் படும் உயரத்தில், 5 கிலோத் தகரம்.

பள்ளிகளுக்குத் தகரம் வந்த வழி துயரமானது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதன்பின் தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. தேவையான, தாமதமான உத்தரவு அது. கீற்று இறங்கிய பல இடங்களில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் ஏறின. தகரக் கூரையின் கீழ்ப் பாடம் நடத்தியவர்களுக்குத் தெரியும்: மழை வந்துவிட்டால் ஆசிரியர் குரல் முதல் பெஞ்சுக்குக்கூட எட்டாது, கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். தீக்குத் தீர்வு கண்டோம். காற்றைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் அதே 2004ஆம் ஆண்டில்தான் இந்திய தர நிர்ணய நிறுவனம் ஐ.எஸ். 15498 என்ற எண்ணில், தாழ்வான கட்டடங்கள் புயலைத் தாங்கச் செய்யும் வழிகாட்டியை வெளியிட்டது. ஒரே ஆண்டில் வந்த இரண்டு ஆவணங்கள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

இரண்டு டிசம்பர்கள்

2015 டிசம்பர் 1 காலைமுதல் மறுநாள் காலைவரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாற்று வெள்ளமும் நிரம்பி வழிந்த ஏரிகளும் சேர்ந்து முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான பகுதிகள் ஆகியவற்றை மூழ்கடித்தன. தரைத்தளம் நீரில் போனதும் மக்கள் மாடிக்கு ஏறினார்கள். இரவு முழுவதும் மொட்டைமாடியில் காத்திருந்து படகில் மீட்கப்பட்டவர்கள் ஏராளம். அந்த ஆண்டு புறநகர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: ஆபத்து என்றால் மேலே போ.

பதினொரு நாள் கூடுதலாக ஓர் ஆண்டு கழிந்தது. 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். வர்தா சென்னைக்கு அருகே பிற்பகலில் கரையைக் கடந்தது. 'வர்தா' என்பது பாகிஸ்தான் கொடுத்த பெயர். ரோஜா என்று பொருள். காற்று மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. இடையிடையே 120ஐத் தொட்டது. புயலின் மையம் நகரின்மேல் கடந்தபோது காற்று திடீரென ஓய்ந்தது. முடிந்துவிட்டது என்று எண்ணிப் பலர் தெருவுக்கு வந்தார்கள். சற்று நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்பி அடித்தது. முதற்பாதியில் ஒரு பக்கமாகத் தளர்ந்திருந்த மரங்களும் கூரைகளும் இரண்டாம் பாதியில் விழுந்தன. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, பூங்கா வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. கிழக்குத் தாம்பரத்தில் 1937முதல் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் காடு போன்ற வளாகமும் தப்பவில்லை. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்ததால் புறநகரின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்து ஐந்து வாரம்கூட ஆகாத நேரம். கையில் காசில்லை, அட்டை தேய்க்கும் கருவிக்கு மின்சாரமில்லை. குடிநீர் வாங்கவே திண்டாடினார்கள்.

மரங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டது. கூரைகளைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை. மாடிக் கொட்டகைகளின் தகடுகள் பிய்ந்து அடுத்த தெருவில் விழுந்தன. மின்கம்பியில் சிக்கித் தொங்கின. நிறுத்தியிருந்த வண்டிகளின்மேல் கிடந்தன. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது மிகை. மார்கழியை எட்டும் காற்றில் தகரம் பறந்தது மிகையல்ல. முந்தைய ஆண்டு உயிர்காத்த மொட்டைமாடி இந்த ஆண்டு வீட்டிலேயே ஆபத்தான இடமாயிற்று. வெள்ளத்துக்கு மேலே போக வேண்டும். காற்றுக்குக் கீழே, உள்ளறைக்குப் போக வேண்டும். இரண்டும் சேர்ந்து வரும் புயலில் எப்போது எது என்பதைக் குடும்பத்தில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த இரட்டை நெருக்கடி கடலோரக் குப்பங்களைவிட முடிச்சூர் போன்ற உள்பகுதிகளுக்கே அதிகம்.

காற்று தள்ளுவதில்லை, தூக்குகிறது

கூரை ஏன் பறக்கிறது? காற்று மோதித் தள்ளுவதால் என்பது பொதுவான எண்ணம். அது சுவருக்குப் பொருந்தும். கூரையின்மேல் காற்று வேகமாக வழிந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று கூரையை மேல்நோக்கி உந்துகிறது. சரிவு குறைந்த, ஏறத்தாழத் தட்டையான கூரைகளில் இந்த இழுவிசை மிகுதி. மாடிக் கொட்டகைகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவையே. விளிம்பிலும் மூலையிலும் மோட்டிலும் அது நடுப்பகுதியைவிட ஒன்றரை, இரண்டு மடங்குகூட ஆகும். காற்று வரும் பக்கத்தில் ஒரு கதவோ உருளும் ஷட்டரோ பிய்த்துக்கொண்டால் கட்டடம் பலூன்போல உள்ளிருந்து ஊதப்படுகிறது. வெளியிலிருந்து இழுப்பு, உள்ளிருந்து தள்ளல். புயலின்போது சன்னலைத் திறந்துவைத்தால் அழுத்தம் சமமாகிவிடும் என்று சிலர் சொல்வது ஆபத்தான அறிவுரை.

கணக்கு எளிது. காற்றின் வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். இந்தியக் காற்றுச்சுமை நெறியான ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதி சென்னைக்கு அடிப்படை வேகமாக நொடிக்கு 50 மீட்டரை, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரை வைத்திருக்கிறது. கட்டட உயரம், சுற்றுப்புறம் ஆகியவற்றுக்கான திருத்தங்களையும், கூரையின் வடிவத்துக்கான குணகங்களையும் விட்டுவிட்டுப் பார்த்தால் 1500 நியூட்டன். சுமார் 150 கிலோ எடைக்குச் சமம். வர்தாவின் 120 கிலோமீட்டர் வேகத்துக்கு இதே கணக்கு 68 கிலோதான். வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. விசையில் பாதிக்கும் குறைவு.

இந்த ஒப்பீடு முக்கியமானது. வர்தாவில் கூரை இழந்தவர்கள் அதை 'வரலாறு காணாத புயல்' என்று சொல்லி ஆறுதல் கொண்டார்கள். சென்னை தாங்க வேண்டும் என்று நெறிநூல் எதிர்பார்க்கும் காற்றின் பாதி விசைகூட அன்று வரவில்லை. பறந்த கூரைகள் புயலின் வலிமையால் மட்டும் பறக்கவில்லை, கட்டப்படாமல் கிடந்ததால் பறந்தன. மேலே சொன்ன மூன்று எண்களை இங்கே பொருத்திப் பார்க்கலாம். 300 கிலோத் தளம் தன் எடையாலேயே நின்றுவிடும். 40 கிலோ ஓடு பெயரலாம். 5 கிலோத் தகரத்துக்கு எடை என்று ஒன்றே இல்லை. அதைப் பிடித்திருப்பது திருகாணியும் போல்ட்டும் மட்டுமே. தகரத்தின்மேல் மணல் மூட்டையும் பழைய டயரும் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். 3 சதுர மீட்டர்த் தகட்டை வர்தாக் காற்று 200 கிலோவுக்கு மேல் தூக்கியது. 30 கிலோ மூட்டை ஒன்றோ இரண்டோ அதை என்ன செய்யும்? மூட்டையும் கூடவே கீழே வரும்.

டார்வின் கற்றுத் தந்தது

தகரக் கூரையின் பலவீனத்தை உலகம் கற்றுக்கொண்டது ஆஸ்திரேலியாவில். 1974 கிறிஸ்துமஸ் அதிகாலையில் டிரேசி என்ற புயல் வடக்கே உள்ள டார்வின் நகரைத் தாக்கியது. அந்நகரின் வீடுகளில் பெரும்பாலானவை அழிந்தன. மக்களில் பெரும் பகுதியினர் விமானங்களில் வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். ஆராய்ந்த பொறியாளர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். திருகாணிகள் மரத்திலேயே இருந்தன. தகடு மட்டும் அவற்றைச் சுற்றிக் கிழிந்து போயிருந்தது. காற்று ஒரே சீராக இழுப்பதில்லை. ஆயிரக்கணக்கான தடவை இழுத்து விடுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவதுபோலத் தகடு திருகாணித் தலையைச் சுற்றிக் களைத்து விரிசல் விட்டிருந்தது. ஒருமுறை இழுத்துப் பார்க்கும் சோதனையில் தேறிய கூரை, பல மணி நேரப் புயலில் தோற்றது. அதன்பின் ஆஸ்திரேலியாவில் கூரைத் தகடுகளைத் திரும்பத் திரும்ப இழுத்துச் சோதிப்பது வழக்கமாயிற்று. டவுன்ஸ்வில் நகரின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு புயல் சோதனை நிலையமே உருவானது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தரமணியில், தாம்பரத்திலிருந்து அரை மணிப் பயணத்தில், மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே காற்றுச் சுரங்கம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைப் புயல்களின் சேதங்களை ஆராய்ந்த அறிஞர்கள் இருந்திருக்கிறார்கள். 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவிசீமையை அழித்த புயலுக்குப்பின் இத்தகைய ஆய்வுகளுக்கு நாட்டில் வேகம் பிறந்தது. 2015இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 875 ஒரு புதிய பெருக்கெண்ணைச் சேர்த்தது. புயல் தாக்கும் கடலோரப் பட்டையில் தொழிற்கூடங்களைக் காற்று வேகத்தை 1.15 மடங்காகவும், புயலுக்குப்பின் மக்களுக்கு உதவ வேண்டிய மருத்துவமனை, பள்ளி, புகலிடம் போன்றவற்றை 1.30 மடங்காகவும் கொண்டு வடிவமைக்க வேண்டும். பட்டையின் அகலம் கிழக்குக் கரையில் 60 கிலோமீட்டர். கடலுக்குப் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும் தாம்பரம் முழுக்க முழுக்க அதற்குள் வருகிறது. பள்ளிக்கு உரிய 1.30ஐப் போட்டால் 150 கிலோ என்பது ஏறக்குறைய 258 கிலோவாகும். வெள்ளம் வந்தால் நாம் மக்களைத் தங்க வைப்பது பள்ளிகளில்தான் என்பதால் இந்த எண் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல.

கட்டுவது என்றால் என்ன

ஓலை வேய்ந்தவர் அறிந்திருந்ததையே நெறிநூல்கள் வேறு மொழியில் சொல்கின்றன: தகட்டிலிருந்து அடித்தளம்வரை ஒரு சங்கிலி இருக்க வேண்டும், அதில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது. தகடு பர்லினோடும், பர்லின் டிரஸ்ஸோடும், டிரஸ் தூணோடும், தூண் கான்கிரீட்டோடும் பிணைய வேண்டும்.

முதல் கண்ணி தகட்டைப் பிடிக்கும் போல்ட். நம் பகுதியில் பழைய கொட்டகைகளில் இருப்பது 'ஜே' போல்ட். ஒரு பக்கம் மட்டும் வளைந்த கொக்கி. மேலிழுப்பு வலுத்தால் கொக்கி நிமிர்ந்து நழுவிவிடும். பர்லினை இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் 'யு' போல்ட் நழுவாது. வண்ணத் தகடுகளுக்குத் திருகாணி போடுகிறார்கள். அதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. நடுவில் ஒன்றுவிட்டு ஒரு மேட்டில் போட்டாலும், ஓரத்திலும் மூலையிலும் மோட்டிலும் ஒவ்வொரு மேட்டிலும் இருக்க வேண்டும். வேலையாள் நடுவில் நெருக்கமாகப் போட்டுவிட்டு, ஏணி எட்டாத ஓரத்தில் சிக்கனம் பிடிப்பதைப் பார்க்கலாம். தலைக்கடியில் அகலமான வாஷர் தேவை. ரப்பர் வாஷர் வெயிலில் பொரிந்து போனால் மாற்ற வேண்டும். வாஷருக்கடியில்தான் துரு முதலில் பிடிக்கும்.

அடுத்துப் பலரும் கோட்டைவிடும் கண்ணி தூணின் அடி. சென்னை வீடுகளின் மொட்டைமாடியில் கான்கிரீட்டின்மேல் செங்கல் ஜல்லி–சுண்ணாம்புத் தளமும் அதன்மேல் தட்டோடும் இருக்கும். மழைநீர் வடிய இட்ட அந்தத் தளம் மூன்று நான்கு அங்குலக் கனமுள்ளது. கொட்டகைத் தூணின் அடித்தகட்டை வைத்து நான்கு அங்குல ஆங்கர் போல்ட்டை முடுக்கினால் அது கான்கிரீட்டைத் தொடுவதே இல்லை; சுண்ணாம்பில் நிற்கிறது. கூரை தகட்டோடும் தூணோடும் முழுமையாக எழும்பிப் பறப்பதற்கு இது போதும். தளத்தை வெட்டி, கான்கிரீட்டில் போல்ட்டை இறக்கி, நீர்க்கசிவைத் திரும்ப அடைப்பது செலவுதான். அச்செலவைத் தவிர்க்க நினைப்பவர் கொட்டகையே போடாமல் இருக்கலாம்.

தொழிற்கூடங்களில் ஷட்டர் பெரிய கவலை. அகலமான ஷட்டர் காற்றில் வயிறு தள்ளி இருபுறத் தடத்திலிருந்தும் வெளியே வந்துவிடும். உள்ளே நடுவில் ஒரு குழாய்த் தூணைக் கழற்றி மாட்டும்படி நிறுத்திக்கொள்வது எளிய வழி. டிரஸ்களுக்கிடையே குறுக்குத் தாங்கு கம்பிகள் இருக்கின்றனவா, சரக்கு ஏற்ற இடைஞ்சல் என்று யாராவது வெட்டி எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டுபவர் கூரைச் சரிவை 22 முதல் 30 பாகைக்குள் வைப்பதும், இரு பக்கச் சரிவைவிட நான்கு பக்கமும் சரியும் கூரையைத் தேர்வதும் நல்லது. நம் பழைய கிராமத்து வீடுகளில் பல அந்த வடிவத்தில்தான் இருந்தன.

இவை எல்லாம் புயல் அறிவிப்பு வந்தபின் செய்யும் வேலைகள் அல்ல. ஆவணி, புரட்டாசியில் முடித்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவம் தொடங்கி, ஈரத் தகட்டின்மேல் ஆள் ஏறுவது உயிருக்கு ஆபத்து. புயலுக்கு முந்தைய நாளுக்கு மிஞ்சுவது சில்லறை வேலைகள்தான். மாடியில் கிடக்கும் பழைய தகடு, பலகை, பூந்தொட்டி ஆகியவற்றைக் கீழே இறக்குவது. பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை முழுக்க நிரப்புவது. ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன், அசையாது. மின்சாரம் போனபின் குடும்பத்துக்கு நீரும் ஆகும். பெயர்ப்பலகையையும் ஃபிளெக்ஸ் பதாகையையும் கழற்ற வேண்டும். காற்று வரும் பக்கத்துக் கதவு சன்னல்களைத் தாழிட்டு, மேலே ஷீட்டு இல்லாத, கான்கிரீட் தளமுள்ள அறைக்குப் போய்விட வேண்டும். நடுவில் காற்று ஓய்ந்தால் வெளியே வரக்கூடாது. ஷீட்டு வீட்டில் இருப்பவர்க்குப் போக அப்படி ஓர் அறை இல்லை. அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக் கதவோ மாநகராட்சிப் பள்ளியோதான் திறக்க வேண்டும்.

வர்தாவுக்குப் பின்

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் அருகே நள்ளிரவில் கரையேறியது. 2023 டிசம்பர் 3, 4 நாள்களில் மிக்ஜாம் கரையைத் தொடாமலே சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திரத்தின் பாபட்லாவுக்குப் போனது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மீண்டும் நீரில் நின்றன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. இவை யாவும் இப்பகுதிக்குப் பெரும்பாலும் மழையாகவே வந்தன. வர்தாவுக்கு இணையான காற்று இதுவரை திரும்ப வரவில்லை. மழைநீர் வடிகாலைப் பற்றி வார்டுதோறும் பேசுகிறோம். போல்ட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதற்கிடையில் மொட்டைமாடிக்குப் புதிய கூரை ஒன்று வந்திருக்கிறது. 2024இல் மத்திய அரசின் சூரிய வீடு மின் திட்டம் தொடங்கியபின் சூரியத் தகடுகள் வேகமாகப் பரவுகின்றன. கீழே துணி காய வேண்டும், நடமாட வேண்டும் என்று அவற்றை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி, சாய்வாக நிறுத்துகிறார்கள். சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ எடை. நான்கு பக்கமும் திறந்த அடிப்புறம். பொருத்த வருபவரிடம் எத்தனை யூனிட் கிடைக்கும், மானியம் எவ்வளவு என்று கேட்கிறோம். தூணின் அடியில் உள்ள போல்ட் தட்டோட்டைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்பதையும் அவரிடம் கேட்கலாம்; துளையிடும்போது பக்கத்தில் நின்று, எழும்பும் தூள் செங்கல் நிறமா சிமெண்ட் நிறமா என்று பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.